கஸ்பாரின் கிழிந்த சத்தம்

"டீச்சர், அந்தச் சத்தம் எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

கேட்டவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கேட்கப்பட்டவளுக்கு முப்பதுதான்.

கேட்டவர் பெர்க்மான்ஸ். பொன்மலை ரயில்வே பணிமனையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் என்று அழைக்கப்பட்டவள் செசிலி. தஞ்சாவூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் கிட்டார் வகுப்பு நடத்துகிறாள். பெர்க்மான்ஸின் தம்பி கஸ்பாருக்கு ஒரே மகள்.

முதல் நாள் அவர் "செசிலிம்மா" என்றுதான் ஆரம்பித்தார்.

"பெரியப்பாவா வந்திருந்தா வீட்டுக்கு வாங்க, காபி போட்டுத் தரேன்," என்றாள் அவள். "கத்துக்க வந்திருந்தா மேல வாங்க. ஆனா மேல பெரியப்பா கிடையாது."

பெர்க்மான்ஸ் கொஞ்ச நேரம் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி மகளிடம் கைகட்டி நிற்பதா என்று ஒரு மனம் முரண்டு பிடித்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார்.

அன்றிலிருந்து அவள் டீச்சர், அவர் சார்.

*

அந்தச் சத்தம் ஒரு பழைய கேசட்டில் இருந்தது.

பெர்க்மான்ஸுக்கும் கஸ்பாருக்கும் மீசை முளைத்த காலத்தில் பதிவு செய்தது. பொன்மலையில் அவர்கள் அப்பா வைத்திருந்த கார் ரிப்பேர் ஷெட்டில், ஜாக்கிக்கும் டயருக்கும் நடுவில், அண்ணன் டிரம்ஸ் அடித்தார், தம்பி எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தான். குழுவில் மொத்தமே அவர்கள் இரண்டு பேர்தான். குழுவுக்கு ஒரு பெயர்கூட இருந்தது. இப்போது அதைச் சொன்னால் பெர்க்மான்ஸுக்கு வெட்கம் வந்துவிடும், அதனால் நாமும் விட்டுவிடுவோம்.

பாட்டு கஸ்பாரே கட்டியது. அதற்கு வார்த்தைகள் கிடையாது, கிட்டார் மட்டும்தான். அந்தக் கிட்டார் சத்தம் சுத்தமாக இருக்காது. கோடித் துணியை நீளவாக்கில் கிழித்தால் வருமே, அப்படி இருக்கும். கேட்டால் நெஞ்சுக்குள் ஏதோ உராயும்.

கஸ்பார் பேசாத ஆள். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுவான். பேச வேண்டியதை எல்லாம் கிட்டாரில் பேசினான் என்று ஊரில் சொல்வார்கள்.

அப்பா இறந்த பிறகு பெர்க்மான்ஸ் அந்த ஷெட்டை விற்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நல்லதுக்கென்றுதான் விற்றார். தம்பியிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, அண்ணன் இல்லையா என்று நினைத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் கிட்டாரோடு வந்த கஸ்பார், ஷெட்டில் புதுப் பூட்டு தொங்குவதைப் பார்த்தான். நேரே அண்ணனிடம் வந்தான்.

"அண்ணே, ஒரு வார்த்த..."

"எல்லாம் முடிஞ்சுது. போய் ஆக வேண்டியதப் பாரு."

அந்த ஒரு வார்த்தை என்ன என்று பெர்க்மான்ஸுக்குத் தெரியாமலே போயிற்று. கஸ்பார் தஞ்சாவூருக்குப் போனான். கல்யாணம் செய்துகொண்டான். வகுப்பு ஆரம்பித்தான். அண்ணனிடம் மட்டும் மறுபடி பேசவே இல்லை. போன வருஷம் அவன் மாரடைப்பில் போனபோது பெர்க்மான்ஸ் மதிய ரயிலில் வந்து சேர்ந்தார். அதற்குள் பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள்.

அடக்கம் முடிந்ததும் செசிலி அந்தக் கேசட்டைக் கொடுத்தாள்.

"அப்பா அலமாரியில இருந்துச்சு. உங்களுக்குத்தான்னு தோணுச்சு."

பெர்க்மான்ஸ் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டார். மறுநாளே கடைக்குப் போய் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். விரலெல்லாம் கொப்புளம் வெடிக்க, ஒரு வருஷத்துக்குள் தம்பியின் பாட்டைக் கற்றுக்கொண்டார். பாட்டு வந்துவிட்டது. சத்தம்தான் வரவில்லை.

வருஷப் பூசைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அன்றைக்குக் கல்லறையில் நின்று அந்தப் பாட்டை அந்தச் சத்தத்திலேயே வாசித்துவிட வேண்டும். அவர் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

"எனக்கு மன்னிப்புக் கேக்க வேற வழி தெரியல, டீச்சர்," என்றார். "அவன் சத்தத்துலயே கேட்டாத்தான் அவனுக்குப் போய்ச் சேரும்."

அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். கீழே பட்டறையில் இரும்பு அறுபடும் ஓசை குபுக்கென்று உள்ளே வந்தது.

*

முதல் வகுப்புக்குப் பெர்க்மான்ஸ் ஒரு பெட்டி நிறைய பெடல்கள் கொண்டுவந்தார். காலால் அழுத்தினால் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும், உறுமவைக்கும், உடைக்கும் பெடல்கள். கல்யாண வீட்டு சீர்வரிசை மாதிரி தரையில் வரிசையாகப் பரப்பினார்.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"சத்தமா இருக்கு டீச்சர். நுணுக்கமாக் கேக்கணும்."

வாசித்தார். ஒவ்வொரு பெடலாக மாற்றி மாற்றி வாசித்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அந்த மாதிரி இருக்கா?"

"இல்ல."

"என்ன குறையுது?"

செசிலி எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பெர்க்மான்ஸுக்கு எரிச்சல் வந்தது. டீச்சராகப் போய்விட்டாள், என்ன செய்வது. போனை எடுத்து பாட்டைப் போட்டார்.

"இதக் கேளுங்க. இதுல வருது பாருங்க, இந்த இடம். இத எப்படிக் கொண்டுவந்தான்?"

அறையில் கஸ்பாரின் கிட்டார் கிழிந்தது. அதைச் சுற்றி வேறு எதுவும் இல்லை. வெட்டவெளியில் ஒருவன் தனியாக நின்று வாசித்த மாதிரி இருந்தது.

செசிலி கடைசி வரைக்கும் கேட்டாள்.

"இதுல ஒரு ஆளக் காணோமே."

"யாரு? நாங்களே ரெண்டு பேருதான்."

"ஒருத்தர்தான் இருக்கார்."

"ஓ, அதுவா!" பெர்க்மான்ஸ் முகம் மலர்ந்தது. தான் செய்த கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம். "கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தி டிரம்ஸ மட்டும் தனியா எடுத்துட்டேன். இப்ப அதுக்கெல்லாம் வழி இருக்கு டீச்சர். கிட்டார் எவ்வளவு தெளிவாக் கேக்குது பாத்தீங்களா?"

"டிரம்ஸ் யாரு?"

"நான்தான்."

"ஏன் எடுத்தீங்க?"

"எடைஞ்சலா இருந்துச்சு."

செசிலி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று பெர்க்மான்ஸால் சொல்ல முடியவில்லை.

"பெடல் எல்லாத்தையும் வீட்டுலயே வச்சுட்டு வாங்க," என்றாள். "அடுத்த வாரம் பாக்கலாம்."

*

அடுத்த வாரம் அவர் ஒரு வால்வு ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கினார்.

டீச்சர் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டதாக அவர் நினைப்பு. கஸ்பாரிடம் பெடல் ஏது? அந்தக் காலத்தில் ஆம்ப்ளிஃபயர் வாங்க வக்கில்லை. அப்பாவின் பழைய ரேடியோவில், கிராமபோனைச் செருகுவதற்குப் பின்னால் ஓர் ஓட்டை இருக்கும், அதில்தான் கிட்டாரைச் செருகி வாசித்தான். அதே மாதிரி ரேடியோவைத் தேடி திருச்சியில் பழைய சாமான் கடை ஒன்று விடாமல் அலசிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. பொன்மலையில் அப்போது சாயங்காலமானால் கரண்ட் இறங்கிவிடும், பல்பு மஞ்சளாக எரியும். அதனால் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் கையோடு கொண்டுவந்தார். ஸ்பீக்கரின் காகிதத்தில் பிளேடால் மெல்லியதாக ஒரு கீறல்கூடப் போட்டிருந்தார்.

ரேடியோ சூடாகும் வரை இருவரும் காத்திருந்தார்கள். அதன் முகப்பில் கண் மாதிரி இருந்த பச்சை விளக்கு மெதுவாக விழித்துக்கொண்டது.

பெர்க்மான்ஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து வாசித்தார்.

சத்தம் கிட்டத்தட்ட வந்தது. கிட்டத்தட்டதான். முகம் அதே முகம், உயிர் இல்லை. அவருக்கே அது தெரிந்தது. மறுபடி வாசித்தார். வோல்டேஜை இன்னும் குறைத்து வாசித்தார். பச்சைக் கண் சோர்ந்து போயிற்று.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார்.

"கிட்டார் அதே மரம். கம்பி அதே கம்பி. ரேடியோ, கரண்ட் வரைக்கும் அதே மாதிரி கொண்டுவந்தாச்சு. இனி என்னதான் டீச்சர் பாக்கி?"

"அப்பா எங்க நின்னு வாசிச்சார்?"

"ஷெட்டுலதான்."

"ஷெட்டுல எங்க? எந்தப் பக்கம் பாத்து?"

பெர்க்மான்ஸ் விரலால் காற்றில் ஷெட்டை வரைந்து பார்த்தார்.

எத்தனையோ சாயங்காலம் ஒன்றாக வாசித்திருக்கிறார்கள். தம்பி எங்கே நின்றான் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நான் கண்ண மூடிட்டுத்தான் அடிப்பேன்," என்றார் கடைசியில். "அப்பத்தான் எனக்குத் தாளம் தப்பாது."

"கண்டுபிடிச்சுட்டு வாங்க."

ஜன்னலைத் திறக்க அவள் எழுந்தாள்.

*

ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. கீழே கார் நிறுத்தும் இடம். பெர்க்மான்ஸ் ஒரு சாக்பீஸும் அளக்கும் டேப்பும் எடுத்துக்கொண்டு அங்கே போனார்.

வாட்ச்மேன் ஓடிவந்தான்.

"என்ன சார், என்ன அளக்குறீங்க? ரோடு போடப் போறாங்களா?"

"இல்லப்பா. என் தம்பியத் தேடுறேன்."

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தான். இந்த வயசுக்கு மேல் இப்படித்தான் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

பெர்க்மான்ஸ் தரையில் கோடு போட்டார். இங்கே கதவு. இங்கே ஜீப் நிற்கும் குழி. மூலையில் என் டிரம்ஸ். அதற்கு இடது பக்கம் பட்டறை மேஜை, மேஜை மேல் ரேடியோ. ரேடியோவுக்குப் பின்னால்தான் செருகும் ஓட்டை. வயர் ரொம்பக் குட்டை. கஸ்பாரே ஈயம் வைத்துப் பற்றவைத்த வயர், அதற்கு மேல் நீளம் கிடைக்கவில்லை. அப்படியானால் அவன் மேஜையை விட்டு நகர்ந்திருக்க முடியாது. கதவுப் பக்கம் திரும்பினால் வயர் பிடுங்கிக்கொள்ளும். சுவர்ப் பக்கம் திரும்பினால் கிட்டார் கழுத்து மேஜையில் இடிக்கும்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு திசை.

சாக்பீஸால் இரண்டு காலடி வரைந்தார். அந்தக் காலடிகளின் நுனி, டிரம்ஸ் இருந்த மூலையைப் பார்த்தன.

வெகுநேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் வந்து காரை நிறுத்த வழி கேட்டபோதுதான் எழுந்தார்.

*

"என்னப் பாத்துத்தான் நின்னிருக்கணும், டீச்சர்."

"நின்னிருக்கணுமா, நின்னாரா?"

பெர்க்மான்ஸ் யோசித்தார்.

"நின்னான். பாட்டு முடியறப்ப கண்ணத் தொறப்பேன். எதிர்ல, கைக்கு எட்டுற தூரத்துல நிப்பான். எப்பவும் அங்கதான் நிப்பான்."

"எப்படி இருப்பார்?"

"வேர்த்து வழியும். கழுத்து நரம்பெல்லாம் பொடச்சுக்கிட்டு நிக்கும். வாய் அசஞ்சுக்கிட்டு இருக்கும்."

"என்ன சொல்லுவார்?"

"என்ன சொல்லுவான்? வாசிக்கிறவங்க சில பேருக்கு அப்படி ஒரு பழக்கம் டீச்சர். வாய் தானா அசையும். நான் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுவும் நின்னுரும்."

"நீங்க கேட்டீங்களா?"

"எத?"

"என்ன சொன்னான்னு."

கீழே பட்டறையில் ஏதோ கனமான இரும்பைத் தரையில் போட்டார்கள். பெர்க்மான்ஸ் திறந்த ஜன்னலைப் பார்த்தார். இன்றைக்கு அதைச் சாத்த மறந்துவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கேட்டதில்ல," என்றார்.

"ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சு வாங்க," என்றாள் செசிலி. "ரேடியோவ மட்டும் கொண்டுவாங்க. அந்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். ஸ்பீக்கர்ல போட்ட கீறல ஒட்டிட்டு வாங்க."

"அது இல்லாம எப்படி டீச்சர்..."

"ஒட்டிட்டு வாங்க சார்."

*

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. தெருவே அமைதியாக இருந்தது. பெர்க்மான்ஸுக்கு ஏக சந்தோஷம். இன்றைக்காவது ஒரு தொந்தரவும் இல்லாமல் வாசிக்கலாம்.

ரேடியோவை மேஜை மேல் வைத்தார். பச்சைக் கண் விழித்தது. கிட்டாரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, செசிலி அறை மூலையில் இருந்த போர்வையை உருவினாள். அடியில் டிரம்ஸ் இருந்தது. வகுப்புப் பிள்ளைகள் பழகுவதற்காக வைத்திருப்பது.

அவள் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தாள்.

"எதுத்தாப்ல நில்லுங்க. ம்... இன்னும் கிட்ட வாங்க. வாசிங்க."

பெர்க்மான்ஸ் வாசிக்க ஆரம்பித்தார். வழக்கமாக வீட்டில் வாசிக்கும் அளவுக்கு வால்யூம் வைத்திருந்தார்.

செசிலி கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் அடி விழுந்தது.

அந்த அடி அவருக்குத் தெரியும். அவருடைய அடிதான். மாதா கோயில் திருவிழா பேண்டு செட்டில் பழகி, ஊரே திரும்பிப் பார்க்க வேண்டுமென்று அவர் அடித்த அடி. அப்பாவின் அலமாரியில் இருந்த கேசட்டைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு அவள் அதை அப்படியே எடுத்து வைத்திருந்தாள். ஒரு மயிரிழை மாறவில்லை.

அவருடைய கிட்டார் காணாமல் போயிற்று.

விரல் ஓடுகிறது, கம்பி அதிர்கிறது. காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. குமிழைத் திருகி வால்யூமைக் கூட்டினார். விழவில்லை. இன்னும் கூட்டினார். டிரம்ஸ் மேலே ஏறி மிதித்துக்கொண்டு போயிற்று. தான் சரியாக வாசிக்கிறோமா, தப்பாக வாசிக்கிறோமா என்பதே தெரியவில்லை. யாருமில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"டீச்சர், கொஞ்சம் மெதுவா!"

அவள் கண் திறக்கவில்லை.

குமிழைக் கடைசி வரைக்கும் திருகினார். அதற்கு மேல் போக இடமில்லை. சின்ன ரேடியோ, பாவம், எவ்வளவு தாங்கும்? ஸ்பீக்கர் காகிதம் கூண்டில் அடைத்த கோழி மாதிரி படபடத்தது. அப்போதும் போதவில்லை. விரலை விட்டுவிட்டு முழுக் கையாலும் கம்பியை அறைந்தார். தோளிலிருந்து இறக்கி அறைந்தார். விரல் நுனி கிழிந்து ரத்தம் வந்ததை அப்போது அவர் பார்க்கவில்லை.

"செசிலி! ஏய்!"

டிரம்ஸ் இன்னும் ஏறிற்று.

"நான் வாசிக்கிறேன்மா! கேக்கலயா உனக்கு? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் கேளேன்!"

அப்போது ரேடியோ கிழிந்தது.

கோடித் துணியை நீளவாக்கில் கிழித்தது போல அது வந்தது. பெடல் இல்லை, கீறல் இல்லை, இறங்கிய கரண்ட் இல்லை. அதே சத்தம். கேசட்டில் இருந்த அதே சத்தம், இப்போது அவருடைய இரண்டு கைகளுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

ஒரு வருஷமாக அதற்காகத்தான் தவம் கிடந்தார். வந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. கழுத்து நரம்பு புடைக்க, வேர்த்து வழிய, அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

பாட்டு முடிந்தது.

செசிலி கண்ணைத் திறந்தாள். எதிரில், கைக்கு எட்டும் தூரத்தில், அவர் நின்றுகொண்டிருந்தார். வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"ஏதோ சொன்னீங்களே சார்," என்றாள். "என்னது?"

பெர்க்மான்ஸின் வாய் நின்றது.

அறையில் ரேடியோவின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் வாய் அசஞ்சுது, டீச்சர்."

அவள் குச்சிகளை டிரம்ஸ் மேல் வைத்தாள்.

"தினம் அசஞ்சுது. நான் பாத்தேன். ஒவ்வொரு நாளும் பாத்தேன்."

அழுகை வந்தது. தம்பியின் அடக்கத்தன்று வராத அழுகை. ஆண்பிள்ளை, பெரிய மனுஷன், இன்ஜினியர் என்பதெல்லாம் எங்கோ போயிற்று. முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் குழந்தை மாதிரி அழுதார். செசிலியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்காக அவளுக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அதில் பாதியை இப்போதுதான் டிரம்ஸில் இறக்கி வைத்திருந்தாள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விரலுக்கு ஒரு துணியைச் சுற்றிவிட்டாள்.

அப்புறம் அவர் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். குச்சிகளை அவரிடம் நீட்டினாள்.

"வேண்டாம் டீச்சர். இனிமே நான் அதத் தொட மாட்டேன்."

"பிடிங்க."

"என்னால முடியாது."

"ரெண்டு பேரு வாசிச்ச பாட்டு இது. பிடிங்க."

பெர்க்மான்ஸ் எழுந்து போய் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

செசிலி ரேடியோவின் குமிழைத் திருப்பினாள். காலையில் செய்தி கேட்பதற்கு எவ்வளவு வைப்பார்களோ, அந்த அளவுக்குக் கொண்டுவந்தாள். எதிரில் வந்து நின்றாள். அவள் அப்பா நின்ற இடத்தில், அவர் நின்ற தூரத்தில் நின்றாள்.

வாசித்தாள்.

பெர்க்மான்ஸ் பழக்கத்தில் குச்சியை ஓங்கி இறக்கினார். அவள் மறைந்தாள். வெந்நீரில் கை பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். அடுத்த அடியைக் குறைத்து வைத்தார். அப்போதும் அவள் வாசிப்பு பாதிதான் கேட்டது. இன்னும் குறைத்தார். தோலை விட்டுவிட்டு விளிம்பில் தட்டினார். அவள் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். கண்ணை மூடவில்லை. மூடினால் அவள் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டார் மேலே வந்தது.

பாட்டு நடுவில் ஓர் இடத்தில் அவள் மெதுவாக, கீழ்க் கம்பியில், சின்னதாக ஒரு திருப்பம் வாசித்தாள். யாரோ அருகில் வந்து தயங்கித் தயங்கி ஒன்று சொல்ல ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது அது. பெர்க்மான்ஸ் திடுக்கிட்டார்.

"இது கேசட்டுல இல்லயே. நீங்க சேத்ததா?"

"இல்ல. அப்பா எப்பவும் வாசிச்சதுதான்."

"ஷெட்டுலயுமா?"

"ஷெட்டுலயும்தான். கேசட்டுலயும் இருக்கு, உங்க அடிக்குக் கீழ. டிரம்ஸ எடுத்தப்ப அதுவும் சேந்து போயிருச்சு."

அந்தத் திருப்பம் மறுபடி வந்தது. பெர்க்மான்ஸ் குச்சிகளை அந்தரத்தில் நிறுத்தி அதற்கு வழிவிட்டார். அது முழுசாக வந்து, முழுசாக முடியும் வரை அடுத்த அடியை வைக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

ரேடியோ மிருதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. எங்கேயும் அது உடையவில்லை, கரகரக்கவில்லை.

வருஷப் பூசை நாள் அவருக்கு ஞாபகம் வந்தது.

"டீச்சர்," என்றார், கையை நிறுத்தாமல். "எல்லாம் வருது. அந்தச் சத்தம் மட்டும் இப்ப வரலயே."

செசிலி வாசித்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"அது எதுக்கு வரணும் பெரியப்பா? இப்பத்தான் உங்களுக்குக் கேக்குதே."